பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திமிங்கலம் பார்க்கப் போனவர்கள்

இலங்கைக்குப் போனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தரும்படி, நான் வேலை பார்த்த சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன வாரம் போன் செய்தாள். இப்போதெல்லாம் பயணிகள் கைப்பேசியில் பட்டியலோடு வருகிறார்களாம். இந்தப் பாறை, இந்த அருவி, இந்தப் பாலம், இந்த இடத்தில் இப்படித் திரும்பி நின்று ஒரு போட்டோ என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புகிறார்களாம். அப்படியானால் டூர் மேனேஜர் பெட்டி எண்ணுவதற்கு மட்டும்தானா என்று அவளுக்கு வருத்தம். "நீங்க எழுதினா வேற மாதிரி இருக்கும் மேடம்" என்றாள். வேறு மாதிரி இருக்கும் என்பதற்கு நான் பொறுப்பு. ஒரு பக்கத்தில் அடங்கும் என்பதற்கு இல்லை.

வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு, ஆசிரியர் வேலை கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டுதான் திருச்சி மன்னார்புரத்தில் ஒரு மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் டிக்கெட் டைப் அடிக்கச் சேர்ந்தேன். ஆசிரியர் வேலை வரவே இல்லை. டிக்கெட்டுக்குப் பிறகு காசி, பிறகு நேபாளம், பிறகு அந்தமான், கடைசியில் பெரும்பாலும் இலங்கை. பயிற்சி என்று தனியாக யாரும் கொடுக்கவில்லை. சேவியர் சார் பக்கத்தில் நின்றதுதான் பயிற்சி.

சேவியர் சார் எங்கள் முதலாளி. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் தணியும். ரொம்பக் கோபம் வந்தால் உதடு மட்டும் அசையும், என்ன திட்டு என்பதை நாமே யோசித்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தோடு நான் எந்த ஊரில் இருந்தாலும் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வரும். மூன்று கேள்விகள் கேட்பார், வரிசை மாறாது. எல்லாரும் சாப்பிட்டாங்களா, எல்லாரும் ரூமுக்கு வந்தாச்சா, யாராச்சும் அழுதாங்களா. மூன்றாவது கேள்வியைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் வேடிக்கையாக நினைப்பார்கள். காசிக்கு ஒரு முறை போய் வந்தால் அது வேடிக்கை இல்லை என்று தெரிந்துவிடும்.

அவருடைய சட்டங்களில் முக்கியமானது பஸ் ஸீட் சுழற்சி. பஸ்ஸின் இடது பக்கத்தில் இருப்பவர்கள் தினமும் ஒரு வரிசை முன்னால் போக வேண்டும், வலது பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு வரிசை பின்னால். முதல் வரிசையிலிருந்து விழுகிறவர் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார். முன் ஸீட்டுக்காக நடக்கும் சண்டையைத் தீர்க்க அவர் கண்டுபிடித்த வழி இது. இன்னொரு சட்டமும் உண்டு. பயணி எங்கே போகிறார் என்பது நமக்குத் தெரிய வேண்டும், எதற்காகப் போகிறார் என்பது தெரியக் கூடாது. இந்தச் சட்டத்தை நான் பல வருடம் காப்பாற்றினேன். பத்மா டீச்சர் வந்து கெடுத்தார்.

கொரோனாவுக்குப் பிறகு விமானங்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த நேரம் அது. மாசி மாதம். மாசியை நாங்கள் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த மாதத்தில்தான் தீவின் கிழக்குக் கடல், தெற்குக் கடல் இரண்டும் ஓரளவு அமைதியாக இருக்கும். பட்டியல் தயாரிக்கிறவர்கள் இதை முதல் வரியாகப் போட்டுக்கொள்ளலாம்.

அறிவிப்பு வெளியான அன்றே இரண்டு போன்கள் வந்தன. முதலில் கோபால் சார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கே.கே. நகரில் தனியாக இருக்கிறார், மனைவி இறந்து சில வருடமாகிறது. "காசி டூர்ல ஒரு டீச்சர் வந்தாங்களே மேடம், அவங்க இதுல வராங்களா? சும்மாதான் கேட்டேன்" என்றார். சும்மா கேட்டவர் மூன்று முறை தொண்டையைக் கனைத்தார். அடுத்து பத்மா டீச்சர். திருவானைக்காவல்காரர், கணக்கு டீச்சராக இருந்தவர், கணவர் போய்ப் பத்து வருடத்துக்கு மேல். அவர் கனைக்கவில்லை. "கோபால் சார் பேர் இருக்கான்னு பாரு விஜயா. இருந்தா என் பேரையும் போடு" என்றார்.

காசிப் பயணத்தில் ஸீட் சுழற்சியால் இருவரும் ஒருநாள் ஒரே வரிசையில் வந்ததும், அலகாபாத் வரைக்கும் பேசிக்கொண்டே போனதும் எனக்கு நினைவு வந்தது. எனக்குத் தெரியக் கூடாது என்பதால் மறந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து டீச்சர் நேரில் வந்தார். முகம் சரியில்லை. அவருடைய மகன் சதீஷ், சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், அம்மாவைத் தனியாக அனுப்ப முடியாது, நானும் வருகிறேன் என்று பணம் கட்டிவிட்டாராம்.

"நேரா சொல்லிடறேன் விஜயா. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு அவர் கேக்கறார். எனக்கு அறுபது ஆகப்போகுது. போன்ல முடிவு பண்ற விஷயமா இது? எதிர எதிர ஒக்காந்து பேசணும். ஒரு மணி நேரம் போதும் எனக்கு."

திருச்சியில் ஒரு மணி நேரம் கிடைக்காதா என்று கேட்டேன். டீச்சர் என்னைக் கணக்கில் தப்புப் போட்ட பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஒருமுறை சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் ஓட்டலில் முயன்றார்களாம். காபி கொண்டுவந்தவர் பழைய மாணவர். பில் போட்டவர் பழைய மாணவர். பக்கத்து மேசையில் இருந்த போலீஸ்காரர், "டீச்சர், என்னை பெஞ்ச் மேல நிக்க வெச்சீங்களே" என்று எழுந்து நின்று கும்பிட்டார். கோபால் சார் தான் யார் என்பதை மூன்று பேருக்கும் தனித்தனியாக விளக்க வேண்டியதாகிவிட்டது. கடல் தாண்டினால்தான் தனக்கு மாணவர்கள் இல்லாத ஊர் கிடைக்கும் என்பது டீச்சரின் கணக்கு.

நான் சேவியர் சாரிடம் போய், இரண்டு பயணிகள் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம், ஒருவருடைய மகன் கூட வருகிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"ஒருத்தரை இடது பக்கம் போடுங்க விஜயாம்மா, ஒருத்தரை வலது பக்கம். கண்டி தாண்டி மலை ஏறற அன்னிக்கு தானா ஒண்ணா வந்துருவாங்க" என்றார் மெதுவாக. பிறகு, "நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குக் கேக்கலை" என்றும் சொன்னார்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு நடந்த கூட்டத்தில் விதிகளைப் படித்தேன். பெட்டியில் சிவப்பு ரிப்பன், நகை வேண்டாம், தொப்பி வேண்டும். எங்கள் குழுக்களோடு எப்போதும் ஒரு சமையல்காரர் வருவார், ஓட்டலின் பின்கட்டில் நம் சமையல் நடக்கும் என்று சொன்னபோதுதான் குழுவில் இருந்த ஸ்ரீரங்கத்துக்காரர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருந்தவர் ரெங்கநாயகி மாமி. நாங்களே காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தீவில்தான் இருக்கிறோம், எங்களுக்கு என்ன தீவு காட்டப் போகிறாய் என்று ஆரம்பித்தார். பிறகு எதற்கு மாமி வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க பெருமாளே தெற்கே இலங்கையைப் பார்த்துண்டுதானே சயனிச்சிண்டிருக்கார். அப்படி என்னத்தைப் பார்க்கறார்னு ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடலாமேன்னுதான்" என்றார் மாமி. பயணத்துக்கு இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை.

தீவில் முதலில் சிகிரியா. காட்டுக்கு நடுவே ஒற்றைப் பாறை, அதன் தலையில் ஐந்தாம் நூற்றாண்டு அரண்மனையின் அடித்தளம், இடுப்பில் ஓவியங்கள். தகப்பனைக் கொன்ற அரசன் தம்பிக்குப் பயந்து மேலே ஏறி உட்கார்ந்துகொண்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "ஆக, சொத்துத் தகராறு" என்று மாமி முடித்துவிட்டார். காலையிலேயே ஏறிவிட வேண்டும், வெயில் வந்தால் பாறை தோசைக்கல். ஏற முடியாதவர்கள் கீழே உள்ள நீர்த்தோட்டங்களைப் பார்க்கலாம், அதற்கே ஒரு மணி நேரம் பிடிக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் குறிவைத்திருந்தேன். டீச்சருக்கு முழங்கால் வலி உண்மை. கோபால் சாருக்கு முழங்கால் வலிக்க வேண்டும் என்று முன்தினமே சொல்லிவைத்திருந்தேன். வயதில் இளையவரான சதீஷ் மேலே போய்விடுவார். திட்டத்தில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, உச்சிப்பிள்ளையாரையே கீழே நின்று கும்பிடுகிறவள் நான் என்று சொல்லி மாமி உட்கார்ந்ததும், ஸ்ரீரங்கத்துக் கூட்டம் முழுவதும் டீச்சரைச் சுற்றி உட்கார்ந்து தட்டை டப்பாவைத் திறந்துவிட்டது. இரண்டாவது, சதீஷ் கோபால் சாரின் கையைப் பிடித்தார்.

"மேல இரும்புப் படிக்கட்டாம் சார். எந்தக் காலத்து வேலைன்னு நீங்க பார்த்துச் சொல்லணும், வாங்க."

இரும்பு என்ற சொல்லைக் கேட்டதும் கோபால் சாருக்கு முழங்கால் வலி போய்விட்டது. இருவரும் திரும்பி வந்தபோது மற்றவர்கள் ஓவியத்தைப் பற்றிப் பேசினார்கள், இவர்கள் ரிவெட்டைப் பற்றிப் பேசினார்கள். டீச்சர் தட்டையைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு சதீஷ் கோபால் சாரை விடவில்லை. அப்பா போன பிறகு அந்தப் பையனோடு இரும்பைப் பற்றி யாருமே பேசவில்லை போலிருக்கிறது. அம்மாவுக்குக் காவலாக வந்தவர், காலை எழுந்ததும் கோபால் சாரின் அறைக்கதவைத் தட்டினார். திருகோணமலையில் கடலுக்கு மேல் நிற்கும் கோணேசர் கோயில் அவசியம் பார்க்க வேண்டியது. அதன் பக்கத்தில் பாறை பிளந்து கடல்வரைக்கும் செங்குத்தாக இறங்கும் இடத்துக்கு இராவணன் வெட்டு என்று பெயர். அங்கே காற்று போடும் சத்தத்தில் இரண்டு பேர் என்ன பேசினாலும் மூன்றாவது ஆளுக்குக் கேட்காது. இதைத் தெரிந்துதான் டீச்சரை அந்தப் பக்கம் அழைத்துப்போய் நிறுத்தினேன். கோபால் சார் வந்தார். பின்னாலேயே சதீஷும் வந்தார்.

"சார், அம்மா பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ எடுக்கறேன். இன்னும் கொஞ்சம் பக்கத்துல. ஏன் சார் பயப்படறீங்க, பாறை விழாது."

எடுத்ததோடு நிற்காமல், 'இவர்தான் கோபால் சார்' என்று எழுதி அந்தப் படத்தை ஊரில் இருக்கும் மனைவிக்கும் அனுப்பினார். அவர்கள் இருவரும் சேர்ந்து இருக்கும் முதல் படம் அதுதான். இருவரும் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் மாளிகைக்குப் பூசை நேரத்தில் போக வேண்டும், முரசு கேட்க வேண்டும். வரிசையில் நின்றபோது மாமி வைகுண்ட ஏகாதசி ஞாபகம் வந்து தள்ளத் தொடங்கிவிட்டார். ஊருக்கு வெளியே பேராதனைத் தோட்டத்தில், ஒரே அத்திமரம் ஒரு மைதானத்தையே குடை பிடித்து நிற்கிறது. அதன் கீழேயும் மூவராகத்தான் நடந்தார்கள். மறுநாள் சேவியர் சார் சொன்னபடி, மலைப்பாதையில் டீச்சரும் கோபால் சாரும் ஒரே வரிசைக்கு வந்தார்கள். ஆனால் டீச்சருக்கும் நடைபாதைக்கும் நடுவில் சதீஷ் இருந்தார். அம்மாவை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, தேயிலைத் தோட்டங்கள் முடியும் வரைக்கும் நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கோபால் சாரிடம் பேசிக்கொண்டே வந்தார். முதலாளியின் சுழற்சி தோற்று நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அன்றைய சாயங்காலப் போனில், யாராச்சும் அழுதாங்களா என்று சேவியர் சார் கேட்டார். இன்னும் இல்லை, ஒருவர் அழுகிற மாதிரி இருக்கிறார் என்றேன். "அப்ப நாளைக்கு ரயில்ல ஜன்னல் பக்கம் ஒக்கார வைங்க" என்றார்.

நானுஓயாவிலிருந்து எல்ல என்ற ஊருக்குப் போகும் ரயிலை எந்தப் பட்டியலிலும் விட்டுவிடாதீர்கள். மேகம் பெட்டிக்குள் வந்து போகும். எல்லாரும் வலது பக்கம் ஓடி, பிறகு இடது பக்கம் ஓடி, போட்டோ எடுத்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார வைத்த டீச்சர், வெளியே பார்க்காமல், மகனும் கோபால் சாரும் கதவருகே நின்று பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்ல ஸ்டேஷனில் இறங்கியதும் கோபால் சார் என்னைத் தனியாக அழைத்தார். மலைக் குளிரில் அவருக்கு வேர்த்திருந்தது.

"மேடம், அந்தப் பையன் துப்பறிய வந்திருக்கான்."

"யாரை சார்?"

"என்னைத்தான். ஆனா என்னையே கூட்டு சேர்த்துக்கிட்டான்."

விஷயம் இதுதான். அம்மா யாரோடோ போனில் பேசுகிறார், சிரிக்கிறார் என்று சதீஷின் மனைவி கவனித்திருக்கிறார். அந்த ஆள் இந்தக் குழுவில்தான் இருக்க வேண்டும், போய்க் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சதீஷ் யோசித்துப் பார்த்து, பஸ்ஸில் மைக்கைப் பிடித்துப் பழைய பாட்டுப் பாடும் சுந்தரம் மேல் சந்தேகப்பட்டிருக்கிறார். சுந்தரம் ஸ்ரீரங்கத்துக் கட்டைப் பிரமச்சாரி, தலைக்குச் சாயம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. நீங்கள் பெரியவர், நானும் பார்க்கிறேன், நீங்களும் அவர் மேல் ஒரு கண் வையுங்கள் என்று கோபால் சாரிடமே உதவி கேட்டிருக்கிறார்.

"அம்மா கல்யாணம் பண்ணிக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார், ஊர் பேசுமே, அதைத்தான் தாங்க மாட்டேன்னு சொல்றான் மேடம். அதுவும் ஆள் யாருன்னே தெரியாமன்னு சொல்லி என் தோள்ல கை போடறான்."

எல்லவுக்கு அருகில் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. கல்லும் செங்கல்லும் மட்டும்தான், இரும்பே கிடையாது என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். இரும்பே இல்லாத பாலத்தை எங்கள் இரும்புக்காரர்கள் இருவரும் மரியாதைக்கு ஒரு நிமிடம் பார்த்தார்கள். அங்கிருந்து தென்கடற்கரைக்கு இறங்கும் வழியெல்லாம் சதீஷ் சுந்தரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தார். இந்தப் பையனுக்கு நம் பாட்டு பிடித்துவிட்டது என்று சுந்தரம் நினைத்துக்கொண்டு, இறங்கும்வரை நிறுத்தவில்லை.

மிரிஸ்ஸாவில் அன்று சாயங்காலம் கோபால் சார் மணலில் நின்றுகொண்டிருந்தார். நான் போனதும் கடலைப் பார்த்தபடியே பேசினார்.

"நாளைக்கு டீச்சர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடப் போறேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு போல்ட் லூஸ்னு தெரிஞ்சும் வண்டியை அனுப்பினதில்ல மேடம். அந்தப் பையன் என்னை நம்பறான். அவனை ஏமாத்திட்டு அவன் வீட்டுப் படியேற முடியாது."

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. சேவியர் சாரின் சட்டம் வாயை அடைத்தது. "காலையில படகுக்கு முன்னால பிஸ்கட் மட்டும் சாப்பிடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிஸ்கட் விஷயம் முக்கியம். அந்தக் கரையில் விடியும்போது படகில் ஏறினால், நடுக்கடலில் நீலத்திமிங்கலம் பார்க்கலாம். படகு ஆடும், வயிறு கனமாக இருக்கக் கூடாது, மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது இதை இரண்டு முறை அறிவித்தேன். வெறும் வயிற்றோடு சமுத்திரத்துக்குப் போகிறதாவது என்று மாமி சமையல்காரரைப் பார்த்தார். சமையல்காரர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தலையாட்டியது. நான் இருட்டில் எழுந்து வந்தபோது ஓட்டலின் பின்கட்டில் மிளகும் நெய்யும் மணத்தது. வெண்பொங்கல், மெதுவடை, கத்தரிக்காய் கொத்சு. மாத்திரையை எல்லாரும் வாங்கி, தேவைப்பட்டால் போட்டுக்கொள்கிறோம் என்று முந்தானையிலும் சட்டைப்பையிலும் பத்திரப்படுத்தினார்கள். சதீஷ் இரண்டாம் முறை பொங்கல் வாங்கினார். அன்று செவ்வாய்க்கிழமை. இது எனக்கு நன்றாக நினைவிருக்கக் காரணம், டீச்சர் செவ்வாய்க்கிழமை காலையில் எதுவும் சாப்பிட மாட்டார். கோபால் சார், அறிவிப்பு என்றால் அறிவிப்பு என்று பிஸ்கட் சாப்பிட்டார்.

கரை கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் சுந்தரம் பாடினார். பிறகு பாட்டு நடுவில் நின்றது. அடுத்து ஒருவர் எழுந்து ஓரமாகப் போனார், அவரைப் பார்த்து இன்னொருவர். படகுப் பையன்கள் பிளாஸ்டிக் பைகளைப் பந்திக்கு இலை போடுவது போல வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், கே.கே. நகர் என்ற வேறுபாடெல்லாம் போய், எல்லாரும் மேல்தளத்துப் பலகைகளில் படுத்துவிட்டார்கள். மாமி கண்ணை மூடிக்கொண்டு ரெங்கா ரெங்கா என்று முனகினார். சதீஷ் அம்மாவின் மடியில் தலை வைத்துச் சுருண்டு கிடந்தார். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது மூன்று பேர்தான். டீச்சர், அவருக்கு எதிரே கோபால் சார், படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்.

காதைப் பொத்திக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். இரண்டு கையும் கம்பியில் இருந்தன.

கோபால் சார்தான் ஆரம்பித்தார். ரயிலில் சதீஷ் சொன்னதை அப்படியே சொன்னார். கடைசியில், "சரிப்படாது டீச்சர். நான் விலகிக்கறேன். அவன் நல்ல பையன்" என்றார்.

டீச்சர் மடியில் இருந்த மகனின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.

"அவன் நல்ல பையன்னு எனக்கும் தெரியும், நான் பெத்தது. அவன் உங்களை நம்பறான், நீங்களும் நல்ல மனுஷன். இதுல கழிக்கறதுக்கு எங்க இருக்கு?"

"ஊர் பேசும்னு பயப்படறான்."

டீச்சர் கையை நீட்டி ஒரு சுற்றுக் காட்டினார். "ஊரா? ஊர் இதோ படுத்திருக்கு பாருங்க. ஒருத்தரால தலையைத் தூக்க முடியுதா?"

கோபால் சார் சுற்றிப் பார்த்தார். அந்த நேரத்தில் படகு ஒரு அலையில் ஏறி இறங்கியது. சதீஷ் கண்ணைத் திறக்காமலே "பை" என்றார். டீச்சர் தேடுவதற்குள் கோபால் சார் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் பையைப் பிடித்து, இன்னொரு கையால் பையனின் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் தோளில் இருந்த துண்டால் பையனின் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு எழுந்திருக்கவில்லை. பையனுக்கு அந்தப் பக்கமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"விலகிக்கறவர் உக்கார்ற இடமா இது?" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு இருவரும் சதீஷுக்கு மேலாகப் பேசிக்கொண்டார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், யார் குறட்டை விடுவார்கள், யாருக்கு டிவியில் சீரியல் ஆகாது என்று வந்தது பேச்சு. காதல் வசனம் ஒன்றுகூட இல்லை. கணக்கு டீச்சர் எழுந்து நிற்கச் சொல்லிக் கேள்வி கேட்பது போலக் கேட்டார், ஃபோர்மேன் ஒழுங்காகப் பதில் சொன்னார். ஓர் இடத்தில் டீச்சர் சிரித்தார். வீட்டில் அவருடைய மருமகள் கவனித்த சிரிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தச் சமயம் படகுக்காரர் முன்னால் கை காட்டிக் கூவினார். படகுக்கு வெகு அருகில் கடல் கறுத்து, ஒரு முதுகு எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது, முடிகிறதாகத் தெரியவில்லை. மூச்சு விட்டபோது தண்ணீர் தூணாக நின்று கலைந்தது. கடைசியில் வால் மேலே வந்து, ஓசையே இல்லாமல் உள்ளே போனது. இதைப் பார்க்கத்தான் அவ்வளவு பேரும் அத்தனை தூரம் வந்திருந்தார்கள். பார்த்தது நான் மட்டும்தான். பார்க்கக்கூடிய நிலையில் இருந்த இன்னும் இரண்டு பேர், குறட்டைக்கு மருந்து உண்டா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு, திமிங்கலம் காட்டவில்லை என்று மாமி சேவியர் சாரிடம் புகார் கொடுத்தார். அது வந்ததும்மா, நீங்கதான் எந்திரிக்கலை என்று அவர் உதட்டை மட்டும் அசைத்திருக்கிறார்.

கரைக்கு வந்ததும் ஒவ்வொருவரையும் கைபிடித்து இறக்கினோம். சதீஷ் ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார், முகம் சுண்ணாம்பு. கோபால் சார் மூன்று செவ்விளநீர் வாங்கி வந்து ஒன்றைப் பையனிடம் கொடுத்தார். பாதி குடித்தபோது சதீஷின் போன் அடித்தது. ஊரிலிருந்து மனைவி.

"ஆமா, கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் சதீஷ்.

டீச்சரின் கை இளநீரோடு அப்படியே நின்றது. கோபால் சார் எழுந்து நின்றார், டிஸ்மிஸ் ஆர்டர் வாங்க வந்தவர் போல.

"பாட்டுக்காரர் இல்ல. அன்னிக்கு போட்டோ அனுப்பினேன்ல, அம்மா பக்கத்துல நிக்கறாரே, அவர். எப்படித் தெரியும்னா, படகுல காது ஒண்ணுதான் எனக்கு வேலை செஞ்சுது."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ வந்தது. சதீஷ் பொறுமையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே கோபால் சாரின் தோளில் இருந்த துண்டைப் பார்த்தார்.

"ஊர் பேசட்டும். எல்லாத்தையும் அப்புறம் சொல்றேன். நீ மாடி ரூமை ஒழிச்சு வை."

கோபால் சாருக்குப் பேச்சு சம்பந்தமில்லாமல் வந்தது. "தம்பி, எனக்கு கே.கே. நகர்ல சொந்த வீடு இருக்கு."

சதீஷ் போனைக் கையால் பொத்தினார். "அதை வாடகைக்கு விட்டுடுங்க சார். அம்மா திருவானைக்காவலை விட்டு வர மாட்டாங்க."

"வர மாட்டேன்னு யார் சொன்னது?" டீச்சர் இளநீரைக் கீழே வைத்தார். "எந்த வீடுங்கறதை நாங்க ரெண்டு பேரும் பேசணும். படகுல அதுக்குள்ள கரை வந்துடுச்சு."

சதீஷ் அம்மாவைப் பார்த்தார், கோபால் சாரைப் பார்த்தார், பிறகு கரையில் துவண்டு உட்கார்ந்திருந்த எங்கள் மொத்தக் கூட்டத்தையும் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நாளைக்குக் காலையில இன்னொரு போட் இருக்கா? இவங்க ரெண்டு பேரை மட்டும் ஏத்தி விடுங்க."